பக்கவாதத்துக்குப் பின் ஆக்சிஜன் சோதனை: ஆர்.இ.ஆர். 0.93-லேயே நின்றுவிட்டால்?

கேள்வி (பிசியோ_மதுரை):
வயது 58, எடை 68 கிலோ, வலப்பக்க வாதம், நான்கு மாதம் ஆகிறது. பேச்சு குறைவு, சொன்னால் புரிந்துகொள்வார். மெட்டோப்ரோலால் (இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்) எடுக்கிறார். சாய்வு சைக்கிளில் சுமையில்லாமல் 3 நிமிடம், பிறகு நிமிடத்துக்கு 15 வாட் ஏற்றினோம். 50 வாட்டில் கால் நின்றுவிட்டது. உச்ச விஓ2 (உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 11.5 மி.லி./கிலோ/நிமிடம், ஆர்.இ.ஆர். (வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் எடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்) 0.93, இதயத்துடிப்பு 104. இதை உச்சத்திறன் என்று எழுதலாமா?

நுரையீரல்_லேப்:
எழுதாதீர்கள். 0.93-இல் நின்றது கால். இதயமும் நுரையீரலும் இன்னும் எல்லையைத் தொடவில்லை. முழு முயற்சி என்று சொல்ல ஆர்.இ.ஆர். குறைந்தது 1.10 வர வேண்டும்.

15 வாட் இவருக்கு அதிகம். சோதனை 8 முதல் 12 நிமிடம் ஓட வேண்டும். 60 வாட் எட்டுவார் என்றால் நிமிடத்துக்கு 5 அல்லது 6 வாட் போதும். சைக்கிள் மின்காந்த பிரேக் வகையா? அது வாட்டை மாறாமல் வைத்திருக்கும். மிதிவேகம் குறைந்தால் பெடல் இன்னும் கனக்கும், கனத்தால் வேகம் மேலும் குறையும், பத்து விநாடியில் கால் பூட்டிக்கொள்ளும். மிதிவேகம் நிமிடத்துக்கு 50 சுற்றுக்குக் கீழே இறங்கும்போதே குரல் கொடுங்கள். வலது பாதத்தைக் குதிகாலோடு பெடலில் கட்டுங்கள். முட்டி வெளியே சாய்ந்தால் தொடைக்கும் ஒரு பட்டை.

ஸ்பைரோ_ரவி:
மாஸ்க்கைச் சோதித்தீர்களா? 50 வாட்டுக்கு 11.5 கொஞ்சம் குறைச்சல். 13 பக்கம் எதிர்பார்ப்பேன். முகவாதம் இருந்தால் வாயோரத்தில் காற்று கசியும். வாய்க்குழாயை உதட்டால் பிடிக்கவே முடியாது, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்தான் சரி. மாட்டியதும் மாஸ்க்கின் வெளித்திறப்பை உள்ளங்கையால் அடைத்து ஊதச் சொல்லுங்கள். ஓரத்தில் காற்று வந்தால் ஜெல் சீல் வையுங்கள். தாடியும் இதே தொல்லைதான்.

கசிவில் விஓ2, விசிஓ2 (வெளிவிடும் கரியமில வாயு) இரண்டும் சேர்ந்து குறையும், ஆர்.இ.ஆர். அப்படியே இருக்கும். அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள். மூச்சு எண்ணிக்கை மாறாமல் நிமிடக் காற்றளவு மட்டும் சட்டென்று விழுந்தால் கசிவைச் சந்தேகியுங்கள். 3 லிட்டர் சிரிஞ்சால் காற்றளவு சரிபார்ப்பு, வாயு கேலிபரேஷன் இரண்டும் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் வேண்டும்.

பிசியோ_மதுரை:
மின்காந்த வகைதான். பீட்டா பிளாக்கரை நிறுத்திவிட்டு மறுபடி செய்யலாமா?

கார்டியோ_ரீஹேப்:
வேண்டாம். மருந்தோடுதான் பயிற்சி செய்யப்போகிறார், மருந்தோடே அளவிடுங்கள்; மாத்திரை எடுக்கும் நேரமும் வழக்கம்போல இருக்கட்டும். உச்ச இதயத்துடிப்புக்கு 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள்.

பேச முடியாதவருக்கு 6–20 போர்க் அளவுகோலை (முயற்சி எவ்வளவு கடினம் என்று காட்டும் எண் அளவு) பெரிய அட்டையில் படத்தோடு வைத்து, இடது கையால் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்கு ஒரு சைகை, நிறுத்த வேறொன்று; தொடங்கும் முன்பே இரண்டையும் செய்துகாட்ட வையுங்கள். பிரஷர் இடது கையில். ஓய்வில் 200/110-க்கு மேல் இருந்தால் சோதனையே வேண்டாம். நடுவே சிஸ்டாலிக் 250 அல்லது டயஸ்டாலிக் 115 தாண்டினால் நிறுத்துங்கள். சுமை ஏறும்போது சிஸ்டாலிக் 10-க்கு மேல் இறங்கி, கூடவே நெஞ்சுவலியோ ஈசிஜி மாற்றமோ இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

மறுபடியும் கால்தான் நிற்கிறதென்றால், கையும் காலும் சேர்ந்து இயங்கும் சாய்வு ஸ்டெப்பருக்கு மாறலாம். தசை அதிகம் வேலை செய்யும், எண் உயரும். ட்ரெட்மில் வேகத்திலிருந்து சூத்திரம் போட்டு விஓ2 கணிப்பது மட்டும் வேண்டாம்: வாதநடைக்கு ஆகும் சக்தி சாதாரண நடையைவிட அதிகம், அந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போதைய ரிப்போர்ட்டில் 'எட்டிய உச்சம் 11.5, ஆர்.இ.ஆர். 0.93, நின்ற காரணம் வலக்கால் சோர்வு, கசிவு சோதிக்கப்படவில்லை' என்று எழுதுங்கள். வி-ஸ்லோப்பில் (விஓ2-க்கு எதிரே விசிஓ2 வரையும் படம்) காற்றோட்ட வாசல், அதாவது விசிஓ2 விஓ2-வைவிட வேகமாக ஏறத் தொடங்கும் புள்ளி, தெரிந்தால் அதையும் சேருங்கள். அதற்கு முழு முயற்சி தேவையில்லை.