மறு: உயிருணரி, உயிரி உணரி, உற்றறிவி – கையேட்டுக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

ஏற்காட்டு மலைக்கிராமங்களில் வீடு வீடாகச் சென்று இரத்தச் சர்க்கரை பார்க்கும் தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை சேலத்தில் அச்சுக்குப் போகிறது. அந்தக் கைக்கருவியின் வகைப்பெயருக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'பயோசென்சர்' (biosensor) எனப்படுவதற்கு, உரிய இடம் இன்னும் வெறுமையாக இருப்பதால், தமிழ்ப்பெயர் பரிந்துரைத்து வந்த மடல்கள் அனைத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

'சர்க்கரைமானி போதாதா' என்று கேட்ட செவிலியர் அம்மாவுக்கு: அந்த ஒன்றுக்குப் போதும். கொழுப்பு முதலியவற்றையும் நொதி (என்சைம்) கொண்டே அளக்கும் கருவிகள் இருப்பதால் பொதுப்பெயர் தேவைப்படுகிறது.

'நோய்நாடி' செவிக்கு இனியது. குறளில் அது வினையெச்சம் என்பது உண்மையே. ஆயினும் 'சேர்ந்தாரைக் கொல்லி' போல இகர விகுதியால் பெயராகவும் கொள்ளலாம், இலக்கணம் தடுக்காது. தடுப்பது பொருள்தான். கருவி நோயை நாடவில்லை, குருதியிலுள்ள குளுக்கோசை அளக்கிறது. 'நாடி' என்றாலோ மலைமக்கள் கையைத்தான் நீட்டுவார்கள்.

'உயிருணரி' என்பது உயிர் இருக்கிறதா என்று அறியும் கருவி என்றே படிக்கப்படும். இடிபாட்டில் சிக்கியவரைத் தேடுவதற்கு அது பொருந்தும். இங்கே உயிர்ப்பொருள் உணரப்படுவதன்று, உணர்வதே அதுதான். 1962-இல் ஆய்வாளர்கள் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் விவரித்த அமைப்பில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி குளுக்கோசைத் தேர்ந்து வினைபுரிய, அவ்வினையில் குறையும் ஆக்சிஜனை மின்முனை (எலக்ட்ரோடு) அளந்தது. நொதி அறிகிறது, மின்முனை அறிவிக்கிறது. எனவே 'உயிரி உணரி'யை விரிக்கும்போது 'உயிரியை உணர்வது' என்று இரண்டாம் வேற்றுமை வராமல், 'உயிரியால் உணர்வது' என்று மூன்றாம் வேற்றுமை வர வேண்டும். தொகையில் உருபு மறைந்துவிடுவதால் படிப்பவருக்கு இது தெரியாது. தவிர, நொதி உயிரியிடமிருந்து பெற்ற பொருளே அன்றி உயிரி அன்று.

இந்த இடத்தில்தான் தமிழாசிரியர் ஐயா தொல்காப்பிய மரபியலின் 'ஒன்றறிவதுவே உற்றறிவதுவே' என்ற அடியை நினைவூட்டி, 'உற்றறி' என்றார். தொட்டு அறிவது என்னும் அப்பொருள் குருதித் துளி நொதியைத் தொடும் நிகழ்வுக்கு மிகவும் நெருங்கியது. அதை நான் 'உற்றறிவி' என்று நீட்டினேன். 'உற்று' நொதியின் வேலையையும் 'அறிவி' மின்முனையின் வேலையையும் சொல்லும். செவிலியர் அம்மா, 'உற்றுப் பார்த்து மேலதிகாரிக்கு அறிவிக்கச் சொல்கிறீர்களா?' என்று கேட்டார். ஏவலாகப் படிக்கப்படும் அந்த இடர்ப்பாட்டுக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

குருதித் துளியை ஏற்கும், நொதி தடவிய 'ஸ்ட்ரிப்' என்ற சொல்லைப் 'பட்டை' ஆக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலப் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊரில், ஈரம் பட்ட ஸ்ட்ரிப் தவறான எண்ணைக் காட்டக்கூடும். 'ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் குப்பியை மூடுங்கள்' என்ற வரியில் எவரும் ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

நேற்றிரவு வரை ஒன்பது பேரில் ஆறு பேர் 'உயிரி உணரி' என்கிறார்கள். அவர்களில் இருவர் விவாதம் முடிந்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அச்சில் அதுவே போகட்டும். முதல்முறை வரும் இடத்தில் 'உயிர்ப்பொருளைக் கொண்டு உணரும் கருவி' என்ற விளக்கத்தைச் சேர்க்கிறேன். 'உற்றறிவி'யை நான் கைவிடவில்லை. அதன் ஏவல் தோற்றத்தை நீக்கும் விகுதி எவருக்கேனும் தோன்றினால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.