புதுப்பிப்பு: வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போன கடல்நீர்த் தொட்டி

வீடு மாறும்போது மூன்றடிப் பவளத் தொட்டியை எப்படிக் கொண்டுபோவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். கொண்டுவந்து சேர்த்து மூன்று கிழமை. கோமாளி மீன் சோடி சுகம்.

பழைய தண்ணீரில் முக்கால்வாசியை 20 லீற்றர் கான்களில் எடுத்தேன். உயிர்ப்பாறைகளை அந்தத் தண்ணீரிலேயே மூழ்க வைத்தேன். கழிவை உடைக்கும் பக்டீரியா பெரும்பாலும் அந்தப் பாறைகளில்தான் இருக்கிறது, காய்ந்தால் போச்சு. மீன்களையும் பவளங்களையும் தனித்தனிப் பொலித்தீன் பைகளில் கட்டி றெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கினேன். ஏ9 வீதி வெயிலுக்குப் பயந்து விடியப்புறமே பட்டா லொறியில் ஏற்றினோம்.

பழைய மணலைத் திரும்பப் போடாதே என்று போன பதிவில் எச்சரித்த அண்ணைக்கு நன்றி. அடிமணலைக் கிளறியதும் கறுப்பு நிறம், கூழ்முட்டை மணம். அதை அப்படியே போட்டிருந்தால் எல்லாம் செத்திருக்கும். புது மணலைக் கழுவிப் போட்டேன். அப்படியிருந்தும் இரண்டாம் நாள் சோதித்தபோது, மீனுக்கு நஞ்சான அமோனியா 0.25 பிபிஎம் காட்டியது. தொட்டித் தண்ணீரில் ஐந்திலொரு பங்கை எடுத்துவிட்டு, கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை விட்டேன், மூன்றாம் நாள் பூச்சியம்.

கோமாளி மீன்கள் ஒண்டியிருக்கும் பூப்போன்ற உயிரி, கடல் சாமந்திதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. நாலு நாள் சுருங்கி வாய் பிளந்து கிடந்தது. ஐந்தாம் நாள் காலை பாறை இடுக்கில் காலை ஊன்றி விரிந்திருந்தது, பெண் மீன் அதற்குள் முகம் புதைத்து நின்றது. கண் கலங்கிவிட்டது.

ஆவியாகிக் குறைவதற்கு ஆர்.ஓ. தண்ணீர் (உப்பும் தாதும் வடிகட்டியது) மட்டும் விடுகிறேன். இங்கத்தைக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலிலேயே வெள்ளையாய்ப் படிகிறது, தொட்டிக்கு வேண்டாம்.