பாக்கும் வாய்ப்புற்றும்: அனுபவப் பகிர்வு

தஞ்சை மாவட்டப் பல் மருத்துவர்:
வாயை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்க முடியாதவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். அவர்கள் வருவது பெரும்பாலும் பல்வலிக்காகத்தான்; காரம் பட்டால் வாய் எரிவதை வயிற்றுச் சூடு என்று எண்ணி, குழம்பில் மிளகாயைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தால், மிருதுவாக இருக்கவேண்டிய சவ்வு வெளிறிப்போய், நார் நாராக விரலில் தட்டுப்படும். புகையிலை போடுவீர்களா என்று கேட்டால், "அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர், சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு மட்டும்தான்" என்பார்கள்.

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், கொலாஜன் என்னும் புரத நாரை அளவுக்கு மீறிச் சேரவைத்துச் சவ்வை இறுக்குகிறது. சுண்ணாம்பு சேரும்போது உயிரணுக்களைச் சேதப்படுத்தும் வேதிப்பொருள்களும் உண்டாகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத தாம்பூலத்தையும் தனிப் பாக்கையும் 2004ஆம் ஆண்டிலேயே முதல் வகைப் புற்றுக்காரணிகளில், அதாவது மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. மங்கலப் பொருளாகத் தட்டில் வைத்துக் கொடுப்பதைப் பற்றி இப்படிச் சொன்னால் நோயாளிகளுக்குக் கோபம்கூட வருகிறது. நான் வெற்றிலையைக் குறை சொல்லவில்லை. பழி பாக்கின் மேல்தான். இப்படி வாய் இறுகிய எல்லோருக்கும் புற்று வருவதில்லை என்றாலும், பாக்கை விட்ட பிறகும் சவ்வு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதால், அவர்களை விடாமல் பரிசோதித்துவர வேண்டியிருக்கிறது.

நோயாளியின் மகள்:
என் அம்மா நடவுக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க வெற்றிலை, பாக்குடன் புகையிலையும் சேர்த்து இடக்கன்னத்தில் அடக்கிக்கொள்வார். சில இரவுகளில் அதோடு தூங்கியும் போவார். அதே கன்னத்தில் வந்த புண்ணைக் கூர்ப்பல் குத்தியதாக நினைத்து, மாதக்கணக்கில் தேங்காய் எண்ணெய் தடவிவந்தோம். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்த பின் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிட்டதால், கஞ்சியைக்கூட மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குகிறார். மதுவைத் தொட்டதில்லை, இறைச்சியும் பண்டிகைக்குத்தான், "அப்புறம் எனக்கு எப்படி வந்தது?" என்று இன்றும் கேட்கிறார்.

கிராம சுகாதாரச் செவிலியர்:
திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயை விளக்கொளியில் கண்ணால் பார்த்தே பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது. அதனால்தான் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையோ, துடைத்தாலும் போகாத வெண்படலத்தையோ கண்டால் நான் உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறேன். ஆண்களிடம் மதுவைப் பற்றியும் தவறாமல் கேட்பேன். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பலமடங்காகிறது. தமிழ்நாட்டில் 2013இல், பாக்கோடு புகையிலை கலந்த குட்காவுக்குத் தடை வந்தது. வாசனைப் பாக்குப் பொட்டலங்களோ பெட்டிக்கடைகளில் இன்னமும் சரம் சரமாகத் தொங்குகின்றன. அவற்றை வாங்குபவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.