காற்றை அடைக்காத சோக்குக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் தமிழ் வாகனச் சொற்பட்டியலில், குளிரில் எஞ்சினை எழுப்ப இழுக்கும் 'சோக்' என்பதற்கு நேரே 'காற்றடைப்பி' என்று எழுதி முடித்துவிட்டீர்கள். சென்ற வாரம் வேலை மிகுதியால் நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். அந்தச் சொல் அப்படியே அச்சுக்குப் போனால், என் கராஜில் நிற்கும் வாகனத்தைப் பொறுத்தவரை அது பொய்.

வாகனம் 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் என்ற சிறு நகரில் 1962 முதல் 1980 வரை செய்த இரண்டிருக்கைக் கார். கூரையை மடித்துவிட்டு ஓடலாம். இந்த நாட்டின் மழை அனுமதித்தால். ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள் என்பதால் உதிரிப்பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. துருவுக்கும் பஞ்சமில்லை. 1798 சி.சி. எஞ்சின், அதன் பக்கவாட்டில் இரட்டைப் பிள்ளைகள் போல பெற்றோலையும் காற்றையும் கலந்து தரும் இரண்டு எஸ்.யூ. காபரேற்றர்கள்.

உறைபனி விழுந்த தை மாதக் காலை. இருக்கைகளுக்குப் பின்னால் கிடக்கும் இரண்டு ஆறு வோல்ட் பற்றரிகளும் அரைத் தூக்கத்தில் இருக்கின்றன. முன்பலகையில் உள்ள குமிழை முழுக்க இழுத்து, உள்ளே ஓடிவிடாதபடி சற்றே திருகிவிட்டுச் சாவியைத் திருப்புகிறேன். எஞ்சின் இரண்டு முறை இருமி, மூன்றாம் முறை பிடித்துக்கொள்கிறது. இந்தக் குமிழைத்தான் உலகம் சோக் என்கிறது. சில வாரங்களுக்கு முன் மகளைக் காருக்குள் இருத்தி அதை இழுக்கச் சொல்லிவிட்டு, நான் கைவிளக்கோடு எஞ்சின் பக்கம் குனிந்து பார்த்தேன். காற்று உள்ளே போகும் வாயில், வேறு காபரேற்றர்களில் சோக்கை இழுத்தால் காற்றை அடைக்குமே, அப்படி எந்தத் தகடும் அசையவில்லை. அசைவதற்கு அங்கே தகடே கிடையாது. காபரேற்றரின் அடிவயிற்றில், பெற்றோல் கொண்டுவரும் மெல்லிய நைலோன் குழாயோடு சேர்ந்து, பெற்றோலை உள்ளே விடும் துளை கொண்ட தாரைக்குழல் கீழே இறங்கியது. மகள் குமிழை உள்ளே தள்ளினாள். முன்னால் உள்ள காபரேற்றரின் தாரை ஏறியது. பின்னால் உள்ளது ஏறவில்லை. விரலால் மேலே தள்ளியதும் 'டக்' என்று போய் அமர்ந்தது.

மூன்று வாரமாகப் புகைபோக்கியில் ஏன் கரும்புகை என்ற கேள்விக்கு அந்த 'டக்' பதில் சொல்லிவிட்டது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். முன்னிரண்டும் நல்ல பிஸ்கட் நிறம். பின்னிரண்டும் அரிக்கன் லாம்புச் சிமினி போலக் கறுப்பு. பின் காபரேற்றர் பின்னிரண்டு சிலிண்டர்களுக்குத்தான் ஊட்டுகிறது. அப்படியே விட்டிருந்தால் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்திருக்கும்.

என் சண்டை இங்கேதான். தமிழில் ஒரு பராமரிப்புக் கையேடு இருந்து, அதில் "காற்றடைப்பி சிக்கிக்கொண்டால் புகை கறுக்கும்" என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? காற்றுவடிகட்டியைக் கழற்றி, வாய்க்குள் விரலை விட்டுத் தேடிக்கொண்டிருந்திருப்பேன். பிழையான பெயர் கையைப் பிழையான இடத்துக்கு அனுப்புகிறது.

எஸ்.யூ. வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். செருப்பு வணிகக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கியது, காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1905இல். முதலில் உள்ளே இருந்தது தோல் துருத்தி. செருப்புக்காரர் பிள்ளைகள் தோலைத் தேடிப் போனதில் வியப்பில்லை! 1926இல் மொறிஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. காலப்போக்கில் துருத்தி போய், மணி போன்ற கூடுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் வந்தது. எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் தானே உயர்ந்து காற்றுக்கு வழிவிடும். பிஸ்டனின் அடியில் ஓர் ஊசி. கீழே போகப்போக மெலியும். அது தாரைத் துளைக்குள் நிற்கிறது. பிஸ்டன் உயர உயர ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு வர, இடைவெளி அகன்று பெற்றோல் கூடும். காற்றும் பெற்றோலும் கைகோத்து ஏறுகின்றன. சோக் இழுக்கும்போது நடப்பது இதன் மறுதலை: ஊசி நின்ற இடத்தில் நிற்க, தாரை கீழே இறங்குகிறது. துளைக்குள் மெலிந்த ஊசி, அகன்ற இடைவெளி, மிகுந்த பெற்றோல். கூடவே ஒரு சிறு நெம்பு, எஞ்சின் நின்றுவிடாதபடி வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறது. காற்றை யாரும் அடைக்கவில்லை.

மிகுதியாக ஏன் வேண்டும்? குளிரில் பெற்றோல் முழுக்க ஆவியாவதில்லை. பாதி, குழாய்ச் சுவரில் வியர்வை போலப் படிந்துவிடும். எரிவது ஆவி மட்டுமே. ஆகவே பத்துப் பேருக்குச் சோறு போட இருபது பேருக்கு உலை வைக்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சித்தப்பாவின் மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பொன் போலச் சேர்த்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எழுப்புவார். சூடேறிய பின் மண்ணெண்ணெய். அந்தப் போத்தல்தான் எங்கள் உண்மையான சோக்.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரித்தானிய எழுத்தில் சோக் என்பது காபரேற்றரின் இடுங்கிய தொண்டையையும் குறிக்கும். 'ட்வின் சோக் வெபர்' என்றால் இரண்டு தொண்டை கொண்ட வெபர் காபரேற்றர். நம் பட்டியலை நம்பி மொழிபெயர்ப்பவர் அதை 'இரட்டைக் காற்றடைப்பி' என்று எழுதி வைப்பார். எந்த எஞ்சின் அப்புறம் ஓடும்?

எனவே என் முன்மொழிவு: தகடு உள்ள இடத்தில் மட்டும் 'காற்றடைப்பி'. தொண்டைக்குக் 'குறுகுகுழல்'. ஓட்டுநர் இழுக்கும் அமைப்புக்குக் 'குளிர்தொடக்கி'. அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கொவென்றியிலிருந்து

———

வணக்கம் தம்பி.

அடிப்பதற்கு முன் உறவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எம்.ஜி.பி. எஞ்சினும் எங்கள் அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம்: பிரித்தானிய பி.எம்.சி. கார் நிறுவனத்தின் பி வரிசை. உங்களுடையது 1798 சி.சி., எங்களுடையது 1489. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலத்தில் அதைப் பிரித்துக் கோத்தே மாணவர்களின் நகக்கண்களைக் கறுப்பாக்கினேன். ஆகையால் எனக்கும் பேச உரிமை உண்டு.

காற்றடைப்பி பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் குளிர்தொடக்கி? பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் 'தொடக்கி' என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். "குளிர்தொடக்கி வேலை செய்யவில்லை" என்று எழுதினால் பையன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைக் கழற்றப் போவான். பெயர் கையைத் தவறான இடத்துக்கு அனுப்பக் கூடாது என்றவர் நீங்கள்தானே?

'செறிவூட்டி' என்று முதலில் எண்ணினேன். கலவையைச் செறிவாக்குகிறது, சரிதான். ஆனால் இங்கே ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசியைக் கண்டிருக்கிறோம், யுரேனியத்தையும் செறிவூட்டுகிறார்கள். சத்துமாவும் அணுகுண்டும் நினைவுக்கு வரும் சொல் காருக்கு வேண்டாம். 'முன்னூட்டி' என்றும் எழுதிப் பார்த்தேன். வீட்டில் சொன்னேன், "ஊட்டிக்கு முன்னால் வருவது மேட்டுப்பாளையம்தானே" என்றார்கள்.

உங்கள் மடலிலேயே விடை இருக்கிறது. "பின்னிரண்டு சிலிண்டர்களுக்குத்தான் ஊட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊட்டு என்பதே சரியான வேர். வழக்கத்தைவிட மிகையாக ஊட்டுகிறது, 'மிகையூட்டி'.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. பழைய புல்லட்டில் ஆமல் கார்புரேட்டரின் மேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், டிக்ளர் என்பார்கள். அழுத்தினால் உள்ளே மிதவை அமுங்கிப் பெட்ரோல் வழியும். விரல் நனையும் வரை அழுத்திவிட்டு உதைப்போம். அதிலும் காற்று அடைபடுவதில்லை, தாரையும் இறங்குவதில்லை. ஆனால் மிகை ஊட்டு உண்டு. எந்த வழியில் ஊட்டினாலும் மிகையூட்டிதான்.

கோவையிலிருந்து

———

ஒருங்கிணைப்பாளர் குறிப்பு: பட்டறையில் எந்த மெக்கானிக்கும் "மிகையூட்டியை இழு" என்று சொல்லப்போவதில்லை. 'சோக்' என்ற தலைச்சொல்லை எடுக்க வேண்டாம். அதன் கீழ் மூன்று பொருளையும் தனித்தனியே இடலாம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் தெரிவிக்கவும்.

———

ஐயா, வணக்கம்.

தொடக்கி விடயத்தில் பிடிபட்டேன். என் சட்டம் என் தலையிலேயே விழுந்தது.

மிகையூட்டியை இரண்டு நாளாக வாயில் போட்டு மென்று பார்த்தேன். முதல் நாள் கொஞ்சம் கரகரத்தது. பிறகு என் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன்: "பின் காபரேற்றரின் மிகையூட்டி முழுதாகத் திரும்பவில்லை. தாரைக்குழலைக் கழற்றித் துடைத்தேன். திருப்புவில்லில் அழுத்தம் போதவில்லை, மாற்ற வேண்டும்." படித்தால் உடனே புரிகிறது. கை நேராகக் காபரேற்றரின் அடிக்குப் போகிறது. எனக்கு அது போதும்.

நீங்கள் சொன்ன பயன் கார்களிலும் பொருந்துகிறது. எம்.ஜி.பி.யிலேயே 1970களில் வந்த அடுத்த வகை எஸ்.யூ.வில், குமிழை இழுத்தால் தாரை இறங்குவதில்லை. பக்கவாட்டில் ஒரு சுழலும் அடைப்பு திறந்து, தனி வழியாகப் பெற்றோல் வருகிறது. 'தாரையிறக்கி' என்று வைக்கலாமா என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. அந்த வகையை நினைத்ததும் விட்டுவிட்டேன். அமைப்பைப் பார்த்து வைத்த பெயர் அடுத்த மாதிரி வந்ததும் செத்துவிடுகிறது. காற்றடைப்பிக்கு நேர்ந்ததும் அதுதானே.

ஆக, ஒருங்கிணைப்பாளரின் மூன்று பதிவுகளுக்கும் என் ஒப்புதல். ஒரே ஒரு திருத்தம்: காற்றடைப்பியின் கீழ் "மிகையூட்டியில் ஒரு வகை" என்று சேர்த்துவிடுங்கள். காற்றைக் குறைப்பதும் கலவையில் பெற்றோலின் பங்கைக் கூட்டுவதற்காகத்தான்.

வெள்ளிக்கு முன் இன்னொன்று. எஸ்.யூ.வின் உச்சியில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திருகி எடுத்தால் மெல்லிய தண்டு ஒன்று வரும். உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். மிதியை அழுத்தியதும் பிஸ்டன் சட்டென்று எகிறிவிடாமல் அந்த எண்ணெய்தான் பிடித்து வைக்கிறது. நொடிப்பொழுது பிஸ்டன் தாமதிப்பதால் கலவை செறிந்து கார் தடுமாறாமல் பாய்கிறது. எண்ணெய் வற்றினால் காலை அழுத்தும்போதெல்லாம் ஒரு விக்கல். ஆங்கிலத்தில் டாஷ்பொட். பட்டியலில் இதற்கு நேரே 'அதிர்வு தாங்கி' என்று கிடக்கிறது. சக்கரத்தின் ஷாக் அப்சோபருக்கும் அதே சொல்தான் இருக்கிறது. எனக்குத் 'தாமதிப்பான்' என்று தோன்றுகிறது. பேருந்து நடத்துநரைத் திட்டுவது போலவும் இருக்கிறது. உங்கள் மாணவர்கள் அதை என்ன சொல்லி அழைத்தார்கள், ஐயா?

கொவென்றியிலிருந்து