உதவி: ஆச்சி சுவரோடு கரைகிறார், ஆத்தங்குடித் தரை நெளிகிறது

பென்சில்சீவல்:
வணக்கம். நானும் தங்கையும் நான்கு நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்று செய்கிறோம். கதை முழுக்க ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள். பின்னணிகளைக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்து, பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் அடுக்குகிறோம். 1920×1080, நொடிக்கு 24 பிரேம்.

மாட்டிக்கொண்டது ஒரே ஷாட்டில். வெள்ளைப் புடவை ஆச்சி வளவின் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) ஓரமாக நடக்கிறார், கேமரா கூடவே போகிறது, எட்டு நொடி. சுவரும் வெள்ளை என்பதால் ஆள் இருப்பதே தெரியவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, அந்தப் பளபளப்பை வரையவே மூன்று நாள் ஆனது. போதாததற்குத் தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் எறும்பு ஊர்வது மாதிரி நெளிகிறது, ஆச்சியின் கால் வழுக்குகிறது. பின்னணியின் அகலம் 3840 பிக்சல்.

ரெண்டாம்ஷோ:
ஆச்சியைச் சுத்தி கனமா கருப்புக் கோடு போடுங்க. முடிஞ்சுது.

பென்சில்சீவல்:
போட்டுப் பார்த்தோம். ஸ்டிக்கர் ஒட்டினாற்போல இருக்கிறது.

மைக்கூடு:
கோட்டை விடுங்கள். எல்லா லேயருக்கும் மேலே முழுக் கருப்பாக ஒரு லேயர் வைத்து, அதன் பிளெண்டிங் மோடை (கீழுள்ள படத்தோடு கலக்கும் விதத்தை) ‘கலர்’ என்று மாற்றுங்கள். படம் கருப்பு வெள்ளையாகிவிடும். அதில் ஆச்சியைத் தேட வேண்டியிருந்தால், எந்த நிறம் மாற்றியும் பயனில்லை.

வளவுக்கு நடுவில்தான் கூரை கிடையாது. வெயில் முற்றத்தில் கொட்டும், சுற்றியுள்ள தாழ்வாரம் நிழலில் கிடக்கும். நிழலில் இருக்கிற வெள்ளைச் சுவரை வெள்ளையால் வரையக் கூடாது. நடுத்தரமான நீலச் சாம்பல் போதும். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்காகக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் செம்மை. அசல் வெள்ளை புடவைக்கு மட்டும். மூன்று நாள் உழைப்பைத் தொடச் சொல்ல மனசு வரவில்லை, ஆனால் ஆச்சியை விழுங்குவது அந்தப் பளபளப்புதான்.

காரைக்குடிக்காரி:
தம்பி, தூணை மறந்துட்டீங்களா? எங்க ஐயா வீட்டுல பர்மாத் தேக்குத் தூண் எல்லாம் கருத்துப்போய்க் கிடக்கும். ஆச்சி நிக்கிற இடத்துல பின்னாடி ஒரு தூணோ நிலைக்கதவோ வர்ற மாதிரி வைங்க, புடவை தானா எடுத்துக்கொடுக்கும். அப்புறம், ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல கையால நிறம் ஊத்திச் செய்றது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒரே கல்லை நகல் எடுத்து ஒட்டினா உடனே தெரிஞ்சுடும்.

24பிரேம்:
காலுக்கு வருகிறேன். 3840-ல் திரையின் 1920 போக நகர்வதற்கு 1920 இருக்கிறது. எட்டு நொடி என்றால் 192 பிரேம். பிரேமுக்குச் சரியாக 10 பிக்சல். கணக்கில் கோளாறே இல்லை. பின்னணிக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கீஃபிரேம் (இந்த பிரேமில் இந்த இடம் என்ற குறி) வைத்துவிட்டு அப்படியே விட்டீர்களா? பிளெண்டர் அதைத் தானாகவே பெசியர் ஆக்கிவிடும். தரை மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும், ஆச்சி மட்டும் ஒரே வேகத்தில் நடப்பார். கீஃபிரேம்களைத் தேர்ந்து ‘T’ அழுத்தி லீனியர் (ஒரே வேகம்) ஆக்குங்கள். பிறகு தரையில் ஊன்றிய கால், ஊன்றியிருக்கும் வரை பிரேமுக்கு 10 பிக்சல் பின்னால் போக வேண்டும். ஓர் அடிக்கு 12 பிரேம் என்றால் அடியின் நீளம் 120.

நெளிவு வேறு கதை. தூரத்து வரிசைகளில் பூ வேலைப்பாடு ஒரு பிக்சலைவிட நுணுக்கமாகிவிடுவதால் பிரேமுக்குப் பிரேம் துடிக்கிறது. பின் வரிசைகளில் பூவை எடுத்துவிட்டு நிறப் பட்டையாகக் குழைத்துவிடுங்கள். கண் அங்கே போகப்போவதில்லை.

பென்சில்சீவல்:
அண்ணே, பெசியர்தான்! லீனியர் ஆக்கியதும் கால் ஒட்டிக்கொண்டது. கருப்பு வெள்ளையில் பார்த்தபோது ஆச்சி எங்கே என்று எனக்கே தெரியவில்லை, வரைந்தவன் நான். சுவரின் நிறத்தை நீலச் சாம்பலுக்கு இறக்கி, இரண்டு தூண் சேர்த்தாயிற்று. நன்றி அக்கா. பின் வரிசைக் கற்களை இன்று இரவு குழைக்க வேண்டும்.

பளபளச் சுவரை அழிக்கத் தங்கை விடவில்லை, வரைந்தது அவள். ஆச்சி வருவதற்கு முந்தைய வெறும் ஷாட்டுக்கு அதை எடுத்து வைத்துக்கொண்டாள்.