புதுப்பிப்பு: எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கோடு தொப்பூர் இறங்கியாச்சு

என் பழைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுகிறது, எலெக்ட்ரிக்குக்கு மாறலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாறிவிட்டேன்.

உடைசலுக்குப் போன சின்னக் கார் ஒன்றின் மோட்டார் வைத்த ஸ்டீயரிங் காலம்தான் (column, ஸ்டீயரிங் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் தண்டுப் பகுதி) போட்டது. ரெண்டு ஷாஃப்ட் முனைகளையும் முட்டவைத்து வெல்டு அடிக்கச் சொன்னேன். தருமபுரி லேத் அண்ணன், “உசுரு விஷயம் தம்பி” என்று மறுத்து, உள்ளே ஸ்லீவ் (இணைப்புக் குழாய்) கோத்து வெல்டு வைத்தார். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தடித்த ஒயர்.

வீட்டு வாசலில் ஒரு விரலால் திரும்புகிறது. தொப்பூர் கணவாயில்தான் வயிறு கலங்கியது: காரின் வேகத்தைச் சொல்லும் சிக்னலை அதற்குக் கொடுக்காததால், வேகம் கூடினாலும் மோட்டார் உதவியைக் குறைக்காமல் ஒரே அளவுதான் தள்ளுகிறது, வளைவில் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி. அடுத்த வேலை அந்த சிக்னல் ஒயர்தான். அதுவரை மெதுவாகத்தான்.