நேரடி எம்.பி.ஏ. இனி எதற்கு?

மூன்றாம்பெஞ்சு:
இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கீஸ் வணிகப் பள்ளி, நேரடி எம்.பி.ஏ.வை மூடப்போவதாக 2019இல் அறிவித்தது. கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தோடு சேர்ந்து நடத்தும் இணையவழி ஐஎம்பிஏ போதுமாம். இதைப் புதுமை என்று கொண்டாடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. எம்.பி.ஏ.வில் பாடம் பாதிதான். மீதி, பக்கத்தில் இருப்பவன் நம் கணக்கை நாலு பேர் முன்னால் போட்டு உடைப்பது. அதை வீடியோவில் எப்படித் தருவார்கள்?

இரவுஷிப்ட்:
ஐஎம்பிஏ தொடங்கியபோது மொத்தக் கட்டணமே சுமார் 22,000 டாலர். ஹார்வர்டில் ஒரு வருடத்துக்கே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வேலையையும் விட வேண்டியதில்லை. அப்புறம், அது வெறும் வீடியோ இல்லை சார். நேரலை வகுப்பு உண்டு, குழுவாகச் செய்யும் வேலை உண்டு. சும்மா பாடம் கேட்டுவிட்டுப் போகிறவர்களோடு இவர்களைச் சேர்க்காதீர்கள்.

மூன்றாம்பெஞ்சு:
அந்த ஹார்வர்டையே பாருங்கள். 2015இல் பாஸ்டனில் ஒரு தொலைக்காட்சி நிலையக் கட்டடத்தில் ஸ்டுடியோ கட்டினார்கள். சுவர் முழுக்க 60 பேரின் முகம், நடுவில் பேராசிரியர். யாரை வேண்டுமானாலும் பெயர் சொல்லி மடக்கலாம். அவர்கள் வகுப்பில் பேசுவதற்கே பாதி மதிப்பெண் வரை உண்டு. வகுப்பறை தேவையில்லை என்றால் இவ்வளவு செலவு எதற்கு?

இரவுஷிப்ட்:
அந்த 60 பேரும் ஆளுக்கொரு ஊரில் இருந்துதானே வகுப்புக்கு வந்தார்கள்? நீங்கள் எனக்கு வாதாடுகிறீர்கள்!

வரவுசெலவு:
இரண்டு பேரும் முகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களில் உருவான பீர் விளையாட்டைப் பாருங்கள். பீர் பெட்டிகளை ஆர்டர் செய்து ஆடும் வகுப்பறை ஆட்டம் அது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நாலு பேர். பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். வாடிக்கையாளர் கேட்பது வாரம் 4 பெட்டியிலிருந்து 8க்கு ஒரே ஒரு முறை ஏறும், பிறகு அசையாது. ஆனால் சரக்கு தாமதமாக வருவதால் ஆளாளுக்குப் பயந்து கூடுதலாகக் கேட்பார்கள். ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது பல மடங்காகியிருக்கும். கொஞ்ச நாளில் கிடங்கு நிரம்பி வழியும்.

முன்பு இதைப் பலகையில் காய் நகர்த்தி ஆடி, ஆர்டர் ஏறி இறங்கியதைக் கோடாகக் கையால் தாளில் வரைய வேண்டும். இப்போது பிரவுசரில் ஆடி முடித்ததுமே எல்லாக் குழுக்களின் கோடும் திரைக்கு வந்துவிடுகிறது. ஆட்கள் வேறு, கோடு ஏறி இறங்கும் விதம் ஏறக்குறைய ஒன்றே. 'விநியோகஸ்தர்தான் கெடுத்தார்' என்று தப்பிக்க முடியாது. என் கணக்கில் தொழில்நுட்பம் கற்பிப்பது என்றால் இதுதான். விரிவுரையைப் படம்பிடித்து ஏற்றுவதெல்லாம் பழைய கேசட் வியாபாரம்.

மூன்றாம்பெஞ்சு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலைக்காரர் ஆர்டர் சீட்டைப் புரட்டியதும் தலையில் கை வைப்பாரே, அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான் அடுத்த முறை யோசித்து ஆர்டர் போடுவான்.

இரவுஷிப்ட்:
நிஜத்தில் கடையும் ஆலையும் ஒரே மேசையிலா இருக்கின்றன? தலையில் கை வைப்பது யாருக்கும் தெரியாது. அந்த வகையில் பிரவுசர் ஆட்டம்தான் நிஜத்துக்குப் பக்கம்.

வரவுசெலவு:
அது இருக்கட்டும். மூன்றாம்பெஞ்சு, அந்த 22,000 டாலருக்கு நீங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லை.